தீவுச்சிறைக் கதைகளும் தம்புள்ளை வரலாறும்

மாத்தளையிலிருந்து வடக்கே செல்லும் பெருவீதியில் தம்புள்ளைக் குன்றைக் காணாது கடப்பார் இலர். அக்குன்றின் ஐந்து குகைகளும் புத்த விகாரையாகப் பன்னூறாண்டுகள் போற்றப்பட்டு வருவன. 1991 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாகவும் ஏற்கப்பட்டவை. இவ்விகாரையோடு தொடர்புற்ற அரசர் பலராயினும், அவருள் இருவர் வரலாறு ஒப்புநோக்கத்தக்கது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் அரியணையை இழந்த வலகம்பா மன்னன் இக்குகைகளிற் கரந்துறைந்தான் என்பதும், பதினான்கு ஆண்டுகளின் பின் மீண்டும் அரசெய்தி, நன்றிக்கடனாக விகாரையை எடுப்பித்தான் என்பதும் மரபு. 1848 ஆம் ஆண்டில் இதே விகாரையில் முடிசூடிய கொங்காலகொட பண்டாவோ ஆங்கிலேயரால் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். வலகம்பா மீண்டான், பண்டா மீளவில்லை.

சென்றவன் மீள்வானா என்னும் இவ்வொரு வினாவையே முதலாகக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் திரைப்படத் துறையில் ஒருவகைக் கதை தோன்றி வளர்ந்தது. எதிர்காலத்தில் அமையும் கொடுங்கோலரசு ஒன்று தன் குற்றவாளிகளை ஒரு தீவிற் கொண்டுபோய் விட்டுவிடும். காவலர் கரையில் நிற்பர். தீவினுள்ளே சட்டமும் இல்லை, நீதியும் இல்லை. வலியவன் எளியவனை வேட்டையாடுவான். அங்கே தள்ளப்பட்ட வீரன் ஒருவன் பல போர்கள் புரிந்து தப்பிவர முயல்வான். இதுவே அக்கதையின் சுருக்கம்.

அமெரிக்காவிலே 1930-களின் பொருளாதார மந்தகாலத்தில், ஒரு சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் பரவிற்று. அவற்றுள் குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்பட்ட துணைப்படத்தை ‘பி படம்’ என்றனர். அவ்வழக்கம் மறைந்த பின்னும், மலிவான சண்டைப் படங்களுக்கெல்லாம் அப்பெயர் நிலைத்துவிட்டது. தீவுச்சிறைக் கதை இத்தகைய படங்களுக்கு மிகப் பொருந்துவதாயிற்று. ஒரு கடற்கரையும் சிறு காடும் கந்தலுடுத்த சிலரும் இருந்தாற் போதும். அரண்மனையும் நகரமும் அமைக்கும் செலவில்லை. ஸ்டெபானி ரொத்மன் 1973 இல் இயக்கிய ‘தெர்மினல் ஐலண்ட்’ என்னும் படத்தில், மரணதண்டனை ஒழிக்கப்பட்ட கலிபோர்னியாவின் கொலைக்குற்றவாளிகள் தீவொன்றில் விடப்படுகின்றனர். ஜோன் கார்ப்பென்டரின் ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயோர்க்’ 1981 இல் வெளிவந்தது. அதில் மன்ஹாட்டன் தீவு முழுவதுமே மதில் சூழ்ந்த சிறை. 1994 இல் வந்த ‘நோ எஸ்கேப்’ அவ்விரண்டினும் செலவு மிக்கதாயினும் அதே அச்சில் வார்க்கப்பட்டது.

முன்னையதன் கதை நிகழும் ஆண்டு 1997; பின்னையதன் ஆண்டு 2022. இரண்டும் கடந்துவிட்டன, சொல்லிய எதிர்காலம் வரவில்லை. ஆயினும் அப்படங்களை இன்றும் விரும்பிக் காண்போர் உளர். எதிர்காலம் பொய்த்த பின்னும் கதை பொய்க்காதிருப்பதன் காரணம் யாது? அக்கதை உண்மையில் எதிர்காலத்தைப் பற்றியதன்று. கடந்தகாலத்தைப் பற்றியது என்பதே விடை.

கடலையே மதிலாகக் கொள்ளும் சிறை, குடியேற்ற ஆட்சியாளர் நெடுங்காலம் கையாண்ட கருவி. மதிலைக் காப்பதற்குக் காவலர் பலர் வேண்டும். கடலைக் காப்பதற்குச் சிலரே போதும். அன்றியும், மக்கள் போற்றும் தலைவனைத் தூக்கிலிட்டால் அவன் புகழ் வளரும். கடல் கடந்து அனுப்பினால் அவன் பெயர் மெல்ல மறையும். இலங்கையே ஒருகாலத்தில் அத்தகைய தீவாக இருந்தது. சாவகத்து மாதராம் அரசன் மூன்றாம் அமங்குராத்தை ஒல்லாந்தர் 1708 இல் இங்கே நாடுகடத்தினர். எகிப்தின் அராபி பாஷா 1883 முதல் 1901 வரை இங்கு வாழ்ந்தார். மறுபுறம், இலங்கையிலிருந்து ஏகலப்பொலை அதிகாரம் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தான். தமிழகத்தில் மருதுபாண்டியர் தூக்கிலிடப்பட்டபின், 1802 இல் அவர்தம் சார்பினர் எழுபதின்மருக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இவ்வரலாற்றின் ஒரு பகுதியே தம்புள்ளையில் நிகழ்ந்தது. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு புதிய வரிகளை விதித்தார். துவக்குக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி கேட்கப்பட்டது. ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. காப்பித் தோட்டங்களுக்காகக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்திருந்த கண்டிநாட்டு மக்களுக்கு இது பொறுக்கவியலாத சுமையாயிற்று. யூலை மாதம் 26 ஆம் நாள், தம்புள்ளை விகாரையில் கிரானேகம தேரர் கொங்காலகொட பண்டாவுக்கு முடிசூட்டினார். இரு நாள்களில் மாத்தளை கிளர்ச்சியாளர் வசமாயிற்று. ஆங்கிலேயர் உடனே இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். புரன் அப்பு ஓகஸ்டு 8 ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். குடாபொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். செப்டெம்பரிற் பிடிபட்ட பண்டாவுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1849 ஆம் ஆண்டு முடியுமுன்னரே அவன் மலாக்காவில் உயிர்நீத்தான்.

மலாக்கா தீவன்று என்பது உண்மையே. ஆயினும், கடலால் ஊரினின்றும் பிரிக்கப்பட்டவனுக்கு அவ்வேறுபாடு பெரிதன்று.

இனி, படத்தையும் வரலாற்றையும் ஒப்பிடுமிடத்து இரண்டு வேற்றுமைகள் புலப்படும். முதலாவது, தீவில் விடப்பட்டோர் விலங்காகிவிடுவர் என்று இப்படங்கள் பெரும்பாலும் காட்டுகின்றன. இது நாடுகடத்திய அரசு தன் செயலுக்குக் கூறும் நியாயமேயன்றி, வரலாறு கண்ட உண்மையன்று. சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயத்தை 1856 முதல் 1861 வரை உழைத்துக் கட்டியோர் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகள். அந்தமானில் 1896 இல் தொடங்கி 1906 இல் முடிவுற்ற சிறைக்கு ஏழு நீள்சிறகுகள் இருந்தன. ஒருவரையொருவர் காணவியலாதபடி ஒவ்வொருவரும் தனியறையில் அடைக்கப்பட்டனர். ஆங்கே அரசியற் கைதிகள் 1933 இல் உண்ணாநோன்பு மேற்கொண்டனர்; மூவர் இறந்தனர்; ஏனையோர் உறுதி தளரவில்லை. 1937 இல் மீண்டும் உண்ணாநோன்பு நிகழ்ந்ததன் பின்னர் அரசியற் கைதிகள் தாயகத்துச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒருவரை ஒருவர் வேட்டையாடியவர் கதை அன்று இது. ஒருவருக்காக ஒருவர் பசித்திருந்தவர் கதை. 1996 இல் தமிழில் ‘சிறைச்சாலை’ என வெளிவந்த பிரியதர்ஷனின் படம் அந்தமான் சிறையைக் களமாகக்கொண்டு, கைதியை விலங்காகக் காட்டாது, துன்புறுத்துவோனின் கொடுமையையே காட்டியது நினைக்கத்தக்கது.

இரண்டாவது வேற்றுமை, வீரன் தப்பிவிடுவான் என்பது. வரலாற்றில் தப்பியோர் சிலரே. அவருள்ளும் தூத்நாத் திவாரி என்பான் கதை விந்தையானது. 1858 இல் அந்தமான் கைதிக் குடியேற்றத்திலிருந்து ஓடிய அவன், காட்டுவாழ் அந்தமானியரோடு ஓராண்டு வாழ்ந்தான். அவர்கள் ஆங்கிலேயரைத் தாக்க முற்பட்டபோது, முன்னறிவித்தற்பொருட்டுத் தானே சிறைக்குத் திரும்பினான்; மன்னிப்பும் பெற்றான். விடுதலையின் விலை, அடைக்கலந் தந்தோரைக் காட்டிக்கொடுத்தலாக அமைந்தது. பெரும்பாலோருக்கோ எவ்விலைக்கும் விடுதலை கிட்டவில்லை. சின்னமருதுவிடம் ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்ற வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், 1818 இல் பினாங்கு சென்றபோது அவன் மகன் துரைச்சாமியைக் கண்டார். சிறுவனாகக் கப்பலேறியவன், நடுவயது எய்துமுன்னே நலிந்த முதியோன் போலத் தோன்றினான் என்று அவர் தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். எந்தத் திரைப்படமும் காட்டாத முடிவு இது. சண்டை இல்லை, தப்புதல் இல்லை; ஆண்டுகள் மட்டும் கழிந்தன.

இவ்விரண்டாவது வேற்றுமையிலேதான் அப்படங்களின் கவர்ச்சி அடங்கியுள்ளது. வரலாறு மறுத்த மீட்சியைக் கதை தருகின்றது. அன்றியும், தீவிலே தள்ளியவனைத் தள்ளிய அரசு முற்றும் மறந்துவிட முடியாது என்பதையும் அது காட்டுகின்றது. ‘எஸ்கேப் ஃப்ரம் நியூயோர்க்’ படத்தில் நாட்டின் தலைவனே விமான விபத்தாற் சிறைத்தீவில் வீழ்கின்றான். அவனை மீட்க அரசு ஒரு கைதியின் உதவியை நாடவேண்டியதாகின்றது. வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. இந்தியத் தலைமைத் தேசாதிபதி மேயோ பிரபு 1872 இல் அந்தமானைப் பார்வையிடச் சென்று, ஷேர் அலி என்னும் கைதியாற் குத்திக் கொல்லப்பட்டார். இலங்கையில் அத்தகைய குருதிப்பழி நிகழவில்லை. ஆனால் 1848 இன் கொடுமைகள் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழுவின் விசாரணைக்கு உள்ளாயின. டொரிங்டன் பிரபு 1850 இல் திரும்ப அழைக்கப்பட்டார். அதற்குள் பண்டா இறந்துவிட்டான். நீதி கப்பலிற் சென்று சேருமுன் கைதி காலமாகிவிடுதல் நாடுகடத்தலின் இயல்பு.

தமிழ் மக்களுக்கு இக்கதை வேற்றுநாட்டுச் சரக்கன்று. கடல் சூழ்ந்த இலங்கையில் அசோகவனத்துச் சிறையிருந்த சீதையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். வைணவ உரையாசிரியர், இராமகாதையைச் சிறையிருந்தவளின் ஏற்றம் உரைக்கும் நூலென்றே போற்றினர். மீட்க வந்தவனின் வில்லாற்றலைக் காட்டிலும், காத்திருந்தவளின் உறுதியே அவர்க்குப் பெரிதாகத் தோன்றிற்று. மலிவான படங்கள் வில்லாற்றலை மட்டும் எடுத்துக்கொண்டன. அந்தமானில் உண்ணாநோன்பிருந்தோரும் பினாங்கில் மூப்படைந்தோரும் மற்றதற்குச் சான்றாயினர்.

தம்புள்ளைக்குச் செல்வோர்க்கு வலகம்பாவின் கதை எளிதிற் கிடைக்கின்றது. அவன் மீண்டுவந்து எடுத்த விகாரை கண்முன் நிற்கின்றது. மீளாதவனுக்கு அத்தகைய சான்று எளிதில் அமைவதில்லை. ஆதலின் அவனை நினைத்தல் கற்றோர் கடனாகின்றது. தீவுச்சிறைப் படத்தைக் கண்டு களிக்கும் மாணவன், அதன் இறுதிக் காட்சியில் வீரன் கரையேறும்போது, உண்மையிற் கரையேறாதார் பெயர்களுள் ஒன்றையேனும் அறிந்திருப்பானாயின், அப்பொழுதுபோக்கும் வரலாற்றுக் கல்விக்கு வாயிலாகும்.