கப்பல் ஏறினவங்களுக்கு ஒரு வரி இருக்கு

உங்க எள்ளுத்தாத்தா பேர் என்ன மக்களே? கூகிள் பண்ணாம, அம்மாவுக்குப் போன் போடாம சொல்லணும். தாத்தா சரி, கொள்ளுத்தாத்தா வரைக்கும் சமாளிச்சிடலாம். அதுக்கு மேலே? பாட்டன், பூட்டன், ஓட்டன்னு உறவுக்கெல்லாம் பேர் வெச்ச மொழி நம்மளோடது. ஆளோட பேர்தான் கிடைக்க மாட்டேங்குது.

இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டது எங்க ப்ராஜெக்ட்டில் லிவிவ் நகரத்திலிருந்து வேலை பார்க்கிற ஒரு டெஸ்டரம்மா. அப்பா வழி உக்ரைன் விவசாயக் குடும்பம், அம்மா வழி யூதர்கள். அவங்க ஏழு தலைமுறை வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. பிறந்த வருஷம், கல்யாணம், சாவு எல்லாத்தோடயும். நான் மணலியில் மூணாவது தலைமுறை. ரிஃபைனரி கட்டின காலத்தில் (1965-69) பொன்னேரிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர் எங்க தாத்தா. அவருக்குப் பிறந்த தேதியையே பள்ளிக்கூட வாத்தியார்தான் குத்துமதிப்பா வெச்சார். அவரோட அப்பா பேர் தெரியும். அதோட ஸ்டாப்.

"உங்க ஆளுங்க எப்படி இவ்வளவு எழுதி வெச்சாங்க?"ன்னு கேட்டேன். எங்க ஆளுங்க எழுதலை, எங்களை எழுதினாங்கன்னு சொன்னாங்க. அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

ரஷ்யப் பேரரசுக்குத் தலைவரி வேணும், பட்டாளத்துக்கு ஆள் வேணும். அதனால 1858 வரைக்கும் சில பல வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடா ஆண், பெண், வயசுன்னு கணக்கெடுத்தாங்க. 1835க்கு அப்புறம் யூதர்களோட பிறப்பு, இறப்பு, கல்யாணத்தையெல்லாம் அவங்க மதகுருவே ஒரு பக்கம் ரஷ்ய மொழியிலும் எதிர்ப்பக்கம் எபிரேயத்திலும் புத்தகத்தில் எழுதணும்னு ஆச்சு. குடும்பப் பேர் கூட அரசாங்கம் கட்டாயப்படுத்தி வந்ததுதான். ஆஸ்திரியா 1787இல், ரஷ்யா 1804இல் சட்டம் போட்டது. அதுக்கு முன்னாடி நம்மள மாதிரியே இன்னாரோட மகன் இன்னார், அவ்வளவுதான். பிற்பாடு இரண்டாம் உலகப்போரில் அந்த ஜனங்களில் பெரும்பகுதியை ஊர் ஊரா கொன்னு போட்டாங்க. வரிக்காக எழுதின தாள் பல ஊர்களில் மிஞ்சிடுச்சு.

சரி, நம்ம பக்கம் ஏழைபாழையை யாராவது இப்படி எழுதி வெச்சிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். இருக்கு. எங்க வீட்டிலிருந்து பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டரில், இப்ப துறைமுகம் இருக்கிற கரையில் எழுதினது. ஆனா பத்திரமா இருக்கிறது டர்பன்ல!

1860 அக்டோபர். அப்ப மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிக்கும். கயிற்றால் பலகை தைச்ச மசூலா படகில் அலையைத் தாண்டி ஆட்களைக் கொண்டு போய் ஏத்துவாங்க. அப்படி ஏறின 342 பேரோட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் புறப்பட்டுது. நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரைக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா போனவங்க 1,52,184 பேர். ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு மெட்ராஸில் கப்பல் ஏறினவங்க. தமிழும் தெலுங்கும் கலந்த கூட்டம். அஞ்சு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் கூலி.

இந்த ஒவ்வொரு ஆளுக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி உண்டு. நம்பர், பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர். அப்புறம் உடம்பு அடையாளம்! முழங்காலில் தழும்பு, நெத்தியில் பச்சை, இந்த மாதிரி. யாரோட தோட்டத்துக்குப் போனார் என்பதும் இருக்கும். டர்பன்ல இருக்கிற காந்தி-லுதுலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏத்தி இலவசமா போட்டிருக்கு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதைப் படிச்சிட்டு இருந்திருக்கேன். கதைப் புத்தகம் மாதிரி இல்லை, எக்செல் ஷீட் மாதிரிதான் இருக்கும். ஆனா 'வயசு 4, தாயுடன்' என்கிற மாதிரி வரி வந்தா அடுத்த வரிக்குப் போக முடியலை.

பாசத்தில் எழுதினது இல்லைங்க இது. ஆள் தோட்டத்தை விட்டு ஓடிட்டா பிடிக்கணும், அதுக்குத் தழும்பு. போய் இறங்கினதும் ஒட்டின நம்பர் செத்தாலும் விடாது. பிள்ளை பிறந்தாலும், ஒப்பந்தம் முடிஞ்சாலும், கோர்ட்டுக்குப் போனாலும் அந்த நம்பர்தான். எங்க பாஷையில் சொன்னா ப்ரைமரி கீ. டேட்டாபேஸ்ல வாடிக்கையாளருக்கு நம்பர் போட்டே காலம் தள்ளுற எனக்கு இது கொஞ்சம் உறுத்தலாவே இருந்தது.

அந்தக் கொடுமைதான் இன்னைக்கு ஒரு டர்பன் தமிழரால "என் கொள்ளுப்பாட்டன் வட ஆர்க்காடு ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன ஊர்"னு சொல்ல முடியறதுக்கும் காரணம். கப்பல் ஏறாம இங்கேயே இருந்துட்ட அவரோட அண்ணன் தம்பி வம்சத்துக்கு அந்த வரி இல்லை.

இங்கே இருந்தவங்களை யார் எழுதினா? நிலம் இருந்தா கர்ணம் எழுதுவார். பட்டா, சிட்டா, அடங்கல்னு ஏதாவது ஒண்ணில் பேர் இருக்கும். கூலிக்கு உழுதவனுக்குக் கிடையாது. ராயபுரத்தில் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம்னா கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம் இருக்கும். கம்பெனிக்காரனுக்குப் பக்கத்தில் இருந்திருந்தா அவன் ரிக்கார்டில் வரலாம். எங்க ஊர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அப்படி. கவர்னர் பிகட்டோட துபாஷி, பழைய கோயிலை இடிச்சப்புறம் இப்ப பூக்கடைப் பக்கம் இருக்கிற சென்னகேசவப் பெருமாள் கோயிலைக் கட்ட முன்னால நின்னவர். அவரை இருநூத்தம்பது வருஷம் கழிச்சும் தேடி எடுக்கலாம். அவர் வயலில் நாத்து நட்டவளை எங்கே போய்த் தேட? வெள்ளைக்காரன் பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஜனத்தொகை எடுத்தான், நிஜம்தான். ஆனா மொத்தத்தைக் கூட்டிப் புத்தகம் போட்டாங்களே தவிர, ஆள் ஆளா எழுதின தாளை வெச்சுக்கலை.

கப்பல் ஏறின எல்லாருக்கும் வரி இருக்குன்னும் நினைச்சிடாதீங்க. மொரீஷியஸ் போனவங்களுக்கு நல்லாவே இருக்கு. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகளோட ஃபோட்டோவும் இருக்கு. ஃபிஜிக்கும் பாஸ் இருக்கு. ஆனா இலங்கைத் தேயிலைக்கும் மலாயா ரப்பருக்கும் போன கூட்டம் இதைவிடப் பெருசு. அவங்களைக் கூட்டிட்டுப் போனது கங்காணி. சொந்த ஊரில் போய் நாலு குடும்பத்தைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, கடனில் கட்டிக் கொண்டு போவார். கணக்கு அவர் நோட்டில் இருக்கும். பிற்பாடு தோட்டத்து நம்பர் அடிச்ச தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினாங்க. தகரத்தில் தோட்டத்தோட அடையாளம்தான் இருந்தது. அவன் அப்பா பேர், ஊர் எல்லாம் இல்லை.

அதனால என்ன ஆச்சு? 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்தவர்னு காட்டு, இல்லைன்னா தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் இங்கே பிறந்தவங்கன்னு காட்டுன்னு கேட்டாங்க. லயத்தில் பிறந்தவன் எந்தத் தாளைக் காட்டுவான்? சுமார் 7 லட்சம் பேர் ஒரு நாடும் இல்லாம நின்னாங்க. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம்னு ஒதுக்கினாங்க. (அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியா பிரிச்சாங்க.) இலங்கையில் மிஞ்சினவங்களுக்கு முழுசா விடிவு வந்தது 2003 சட்டத்தில்தான். அஞ்சு தலைமுறை வேர்த்த மண்ணில் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வரி இல்லாததால இத்தனை பாடு.

வம்சாவளி தேடறதை வெட்டிவேலைன்னு சொல்றவங்க இதையும் சேர்த்து யோசிக்கணும். இன்னைக்கும் இந்திய வம்சாவளிக்கான ஓசிஐ அட்டைக்குப் பொதுவா கொள்ளுத்தாத்தா வரைக்கும் ஆதாரம் கேக்கறாங்க. கப்பல் பட்டியல் வரி அங்கே ரொம்ப முக்கியம். இஸ்ரேலுக்குப் போகிற யூதருக்குத் தாத்தா பாட்டியில் ஒருத்தர் யூதர்னு காட்டணும். அந்தத் தாள் உக்ரைனில் ஏதாவது ஒரு ஊர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும். 2022 நவம்பரில் கெர்சோனை விட்டுப் போறப்ப ரஷ்யப் படை அந்த ஊர் ஆவணங்களில் பெரும்பகுதியை லாரியில் ஏத்திக்கொண்டு போனது. பழைய தாளை லாரி வெச்சு அள்ளுவானேன்னு செய்தி படிச்சப்ப எனக்கு விளங்கலை. இப்ப விளங்குது.

சரி, வரி கிடைச்சிடுச்சுன்னு வைங்க. வேலை முடிஞ்சுதா? அங்கேதான் ஆரம்பம். 'நார்த் ஆர்க்காட்'னு எழுதியிருக்கும். 1911இல் அதிலிருந்து கொஞ்சம் போய்ச் சித்தூர் ஜில்லா ஆச்சு. 1989இல் திருவண்ணாமலை பிரிஞ்சது. 2019இல் வேலூரும் உடைஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தாச்சு. மேலே சொன்ன லிவிவ் கதையும் இதுதான். வீட்டை விட்டு நகராமலே ஆஸ்திரியாவில் பிறந்து, போலந்தில் படிச்சு, சோவியத்தில் வேலை பார்த்து, உக்ரைனில் சாகலாம். ரொம்ப ஆச்சரியப்படாதீங்க, மணலியும் செங்கல்பட்டு, திருவள்ளூர், சென்னைன்னு மூணு மாவட்டம் பார்த்த ஊர்தான் :-)

ஊர்ப்பேரைப் பத்திப் பேசவே வேணாம். புதூர்னு எழுதியிருந்தா எந்தப் புதூர்? இங்கே கைகொடுக்கிறது குலதெய்வம். நூறு வருஷத்தில் மொழி போயிடும், ஊர் மறந்துடும், ஆனா எந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கறோம்கிறது பல வீட்டில் நிக்கும். நானும் அந்த ஒரு நூலைப் பிடிச்சுத்தான் பொன்னேரிப் பக்கம் கிழவிகளை விசாரிச்சுட்டு இருக்கேன். மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற பழக்கமும் உதவும். ஒண்ணு விட்டு ஒண்ணு அதே பேர் வரும்.

சாதிக் காலத்தை மட்டும் அப்படியே நம்பிடாதீங்க. குமாஸ்தா கேட்ட கேள்விக்குக் கப்பல் ஏறப்போறவன் சொன்ன பதில் அது. கரையில் சொன்ன சாதியை அக்கரையில் சொல்லணும்னு என்ன சட்டமா? மாத்திச் சொன்னவங்க இருந்தாங்க. அவங்க இடத்தில் நான் இருந்தாலும் மாத்தித்தான் சொல்லியிருப்பேன்.

மிச்சம் இருக்கிறது பேர்களோட எழுத்துக் குளறுபடி. முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆயிட்டார். சுப்பிரமணி 'சூப்ரமனி', முதலி 'மூட்லி'. இங்கே இனிஷியலா இருந்த அப்பா பேர் அங்கே குடும்பப் பேராவே உக்காந்துடுச்சு. யூதர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஒரே பேர் ரஷ்ய, போலிஷ், ஜெர்மன் எழுத்தில் வேற வேறயா வரும். உச்சரிப்பை வெச்சுப் பேர் தேடற சௌண்டெக்ஸ் என்கிற முறையை அமெரிக்காவில் 1918லேயே காப்புரிமை வாங்கி வெச்சிருந்தாங்க. அது கிழக்கு ஐரோப்பியப் பேருக்குச் சரிப்படலை. டெய்ச், மொகோடோஃப்னு ரெண்டு பேர் உக்காந்து 1985இல் தங்களுக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டாங்க.

நம்ம பேர்களுக்கு அப்படி ஒண்ணு எழுதிப் பார்த்துட்டு இருக்கேன், சனி ஞாயிறுகளில். 'ஊ'வும் 'உ'வும் ஒண்ணு, ச-வும் ஸ-வும் ஒண்ணு, கடைசி 'ன்' இருந்தாலும் இல்லாட்டாலும் ஒண்ணு, இது வரைக்கும் ஓடுது. 'ழ'தான் படுத்துது. பழனி ஒரு இடத்தில் 'பல்னி', இன்னொரு இடத்தில் 'புல்னே'. டர்பன், மொரீஷியஸ், ஃபிஜி, ரியூனியன் பக்கம் சொந்தமோ நண்பர்களோ இருக்கிறவங்க அவங்க வீட்டுப் பேரையும் எழுத்துக்கூட்டலையும் பின்னூட்டத்தில் போடுங்க. ழ வர்ற பேரா இருந்தா ரெண்டா போடுங்க.