திண்ணைப்பள்ளியும் உதகைக் கல்வீடும்

உதகமண்டலத்து அரசினர் கலைக்கல்லூரி வளாகத்துள் கல்வீடு என வழங்கும் பழைய மனையொன்று நிற்கின்றது. கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1822-ஆம் ஆண்டளவில் எடுப்பித்தது அது. நீலகிரி அந்நாளில் தனி மாவட்டமன்று; 1868-இலேயே கோயம்புத்தூரினின்றும் பிரிந்தது.

சல்லிவன் மலைமேல் வீடெடுத்த செய்தியைப் பலரும் அறிவர். அவரே அவ்வாண்டு நவம்பர் 23-இல், தம் மாவட்டத்து நாட்டுப்பள்ளிகளை எண்ணிச் சென்னைக்கு எழுதியனுப்பினார் என்பதனை அறிந்தோர் சிலரே. கவர்னர் தாமஸ் மன்றோவின் கட்டளைப்படி மாகாணமெங்கும் எடுத்த கணக்கின் ஒரு பகுதி அது. பள்ளிகள் 763, பயின்றோர் 8,206, அவருட் பெண்மக்கள் 82. ஐந்தாம் வயதிற் பள்ளி புகுந்தோர் பதின்மூன்று பதினான்கு வயதளவும் ஓதினர். காலை 6 மணி முதல் 10 வரையும், பிற்பகல் ஒன்று இரண்டு மணி முதல் இரவு 8 வரையும் பாடம் நிகழ்ந்தது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றின் மறுநாள் எனத் திங்களுக்கு நான்கு நாள் ஓய்வு. இக்காலப் பிள்ளைகள் இதனைக் கேட்பின் நடுங்குவர்!

இக்கணக்கினைத் தரம்பால் 1983-இல் நூலாக்கி வெளிப்படுத்தினார். ஆயினும் அது கூறுவது தொகையே. மணலில் விரல்பிடித்து எழுதுவித்த உபாத்தியாயர் யாவர், எண்சுவடியும் ஆத்திசூடியும் எத்திண்ணையில் முழங்கின, அவ்வெண்பத்திருவர் பெண்மக்கள் எவ்வூரார் என்பன அதனாற் பெறப்படா. சந்தானகுரவர் நால்வரையும் முறைபிறழாது ஓதும் நாம், நம் பாட்டனாருக்கு எழுத்தறிவித்தார் பெயரை அறியோம். கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு, திண்ணைக்கு அஃதில்லை. நாவலர் பெருமான் 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிய வரலாறு விளங்குதற்குக் காரணம், அவர்தம் வழியினர் எழுதிவைத்தமையே. 1846-இற் கேத்திக்கு வந்த பேசல் மிஷனாரின் பள்ளிச் செய்திகளும் அவர்தம் அறிக்கைகளில் உள. பிறர் தம் பணியைப் பேணினர் என்று அவரை நோதல் தகாது. நாம் பேணாமையே குறை.

மலையூர்களிலோ காலம் இன்னும் குறுகியது. நீண்ட மழையும் பனியும் சூழ்ந்த இடத்திற் பள்ளிப் பதிவேடுகளை விரைவிற் பூஞ்சணம் பற்றும். படுக மொழிக்கு வழிவழி வந்த தனியெழுத்து இன்மையின், ஊர்ச்செய்தி பெரும்பாலும் முதியோர் நாவிலே தங்கியுளது. ஆதலின் சேர்க்கைப் பதிவேட்டைப் படியெடுத்தலும், முதியோரைக் கேட்டெழுதலும் ஒருங்கே நடைபெறல் வேண்டும். திருப்பணிக்குப் பொருள் திரட்டும் சைவ சபைகள் இதற்கு ஒரு குறிப்பேடும் எழுத வல்லார் ஒருவரையும் உதவுதல் அரிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பள்ளிகளில் ஓதி, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர்க் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் குடியேறியோரும் உளர். அங்கு வகுப்பிற் பாடிய தேவாரப் பண்முறையை நினைவிற் கொண்டோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர். முதலில் அவரிடம் செல்க.