வளரி வீசிய கைகள்

வேட்டைத் தொழில் ஏட்டில் கற்றதன்று. தந்தையின் பின்னே காட்டில் நடந்து மைந்தர் கற்றது. தென் மாவட்டங்கள் பலவற்றில் சிவராத்திரியை ஒட்டி ஊரார் கூடிச் செல்லும் முயல் வேட்டைக்குப் பாரிவேட்டை என்று பெயர்.

நம் புதுக்கோட்டைச் சீமையில் முயல் வேட்டைக்குப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று வளரி. அது பிறை வடிவினது. வன்மரத்தாலோ இரும்பாலோ ஆனது. ஒரு முனை கனத்தது. இலேசான முனையைப் பற்றித் தோளுக்குமேல் சுழற்றி வீசுவர். 1909-இல் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், இச்சமஸ்தானத்துத் திவானின் குறிப்பொன்று உள்ளது. முயலையும் காட்டுக்கோழியையும் வீழ்த்த வளரி எப்போதேனும் பயன்படினும், அதில் கைதேர்ந்தார் இங்கு எவரும் இலர் என்கிறது அது. கற்பிக்கும் கை ஓய்ந்தால், கலையும் ஓய்ந்துவிடும் அன்றோ?

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இன்று முயலையும் காக்கிறது. ஆகவே அவ்வேட்டை இனி வேண்டா. ஆயினும் காலடித் தடம் அறிதல், ஓசையின்றி நடத்தல், பொறுத்துக் காத்திருத்தல் ஆகியவை வேட்டையோடு அழியவேண்டியவை அல்ல. சித்தன்னவாசல் ஓவியத்தின் தாமரைப் பொய்கையில் மீனும் பறவையும் யானையும் இன்றும் அச்சமின்றி உலவுகின்றன. அவ்வாறு உயிர்களைக் கண்டு மகிழும் கண்ணை உங்களுக்குத் தருமாறு தந்தையரைக் கேளுங்கள். கருவி வேண்டா, அவர்தம் துணை போதும்.