இடாப்பில் விடுபட்ட தவணைகள்

கல்லூரியின் நூறாண்டு வரலாற்றை எழுதப் புகுவோருக்கு அதிபர்களின் பெயர்களும், கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகளும், பரிசளிப்பு விழா அறிக்கைகளும் எளிதாகக் கைக்கு வரும். வரவு இடாப்புகள் அப்படியல்ல. 1983 இற்குப் பிந்திய இடாப்புகளில் பல பெயர்களுக்கு நேரே திடீரெனக் கோடு நின்றுவிடுகிறது. ஓரத்தில் ‘இடைவிலகல்’ என்ற ஒரு சொல். அப்பெயர்களிற் சில ஓராண்டோ ஈராண்டோ கழித்துப் புதிய சேர்விலக்கத்துடன் மீண்டும் தோன்றுகின்றன. நடுவிலிருந்த காலத்தில் அந்தச் சகோதரிகள் படிக்காமல் இருக்கவில்லை. வேறொரு நாட்டில், வேறொரு பாடசாலை வாங்கிலே இருந்தார்கள். எம்மிற் பலர் அவர்களுள் அடக்கம்.

பள்ளிப் பருவத்தில் ஒரு தவணையையோ ஓராண்டையோ அந்நிய நாட்டுக் குடும்பமொன்றுடன் தங்கிப் படிப்பது இன்று உலகெங்கும் நன்கு அறியப்பட்ட ஏற்பாடு. முதலாம் உலகப் போரில் பிரான்சிலே காயப்பட்டோரை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர் அணியொன்று, இரண்டாம் போர் முடிந்ததும் மாணவர் பரிமாற்றத்தில் இறங்கியது. ஏ.எஃப்.எஸ். என்று இன்று அழைக்கப்படும் அந்த அமைப்பின் முதல் மாணவர்கள் 1947 இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் வீட்டுச் சோற்றை உண்டவர் அவர்மீது குண்டு போட எளிதில் துணியார் என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

இவ்வாறு அமெரிக்கா செல்லும் உயர்பள்ளி மாணவருக்கு அந்நாட்டு அரசு வகுத்துள்ள விதிகள் விரிவானவை. வயது பதினைந்துக்கும் பதினெட்டரைக்கும் இடையில் இருக்கவேண்டும். குறைந்தது ஒரு பருவம், கூடினால் ஒரு கல்வியாண்டு. ஏற்கும் குடும்பத்துக்குக் கூலி கிடையாது. அக்குடும்பத்தின் பின்னணி முன்கூட்டியே ஆராயப்படும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கவேண்டும். சேர்த்துக்கொள்வதாகப் பாடசாலை முன்னரே எழுத்தில் ஒப்பவேண்டும். பொறுப்பாளர் ஒருவர் மாதந்தோறும் பிள்ளையுடன் பேசவேண்டும். இவற்றை வாசிக்கையில் எமக்குச் சற்றுப் பொறாமை வருவதை மறைப்பதிற் பயனில்லை.

பிறர் கூரையின் கீழிருந்து படிப்பது எம் பெண்களுக்குப் புதிதன்று. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலிருந்தே அது நடந்து வருகிறது. திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்துச் சித்தி வீட்டிலோ மட்டக்களப்பு மாமா வீட்டிலோ தங்கிப் படித்தவர் இல்லாத குடும்பம் அரிது. 1942 ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு வீசியபோது நகரைவிட்டு ஓடிய பிள்ளைகளும் உறவினர் வீடுகளிலேயே ஒதுங்கினர். ஆனால் அவையெல்லாம் இத்தீவுக்குள் நடந்தவை, சொந்தக்காரர் வீடுகள்.

1983 இல் நிலைமை மாறியது. ஜேர்மானியர் அமெரிக்காவிற் குடியேறத் தொடங்கி முந்நூறாண்டு நிறைந்ததன் நினைவாக, மேற்கு ஜேர்மனியின் நாடாளுமன்றமும் அமெரிக்கக் காங்கிரசும் தத்தம் நாட்டு இளையோரைப் பரிமாறும் புலமைப்பரிசில் திட்டத்தை ஆரம்பித்தது அதே ஆண்டில்தான். அந்த யூலையிற்றான் எமது நகரத் தெருக்களும் எரிந்தன. அதன் பின்னர் 1985 இலும் 1990 இலும் எமது மாவட்டத்துக் குடும்பங்கள் மன்னார்க் கரைக்குச் சென்று, இரவிலே படகேறி இராமேசுவரத்தில் இறங்கின. தலைமன்னார்க் கப்பற் சேவை அப்போது நின்றுபோயிருந்தது.

இறங்கியவர்களிற் பலர் முதலில் கண்டது மண்டபம் முகாம். தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தடுத்துவைக்க ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த இடம் அது. அன்று இக்கரைக்கு வரக் காத்திருந்தோரின் கொட்டில்களில் இக்கரையிலிருந்து போனோர் சேலைகளைத் தொங்கவிட்டு அறை பிரித்துக்கொண்டனர். எம்மிற் சிலர் முகாமுக்கு வெளியே, பொலிசிற் பதிந்துவிட்டு, திருச்சியிலும் சென்னையிலும் பிறர் வீட்டின் ஓர் அறையில் வாழ்ந்தோம்.

தமிழகத்து அரசுப் பாடசாலைகள் எம்மைச் சேர்த்துக்கொண்டன. இதை நன்றியோடு பதிவது கடமை. விடுகைப் பத்திரத்தையே வீட்டில் விட்டு ஓடி வந்தவர்களிடம் அங்கே ‘டி.சி. எங்கே?’ என்றார்கள். சேர்ந்த பிறகு தமிழே தமிழுக்குத் தடையாயிற்று. நாம் படித்த இரசாயனவியல் அங்கே வேதியியல், பௌதிகவியல் இயற்பியல், கேத்திரகணிதம் வடிவியல், அட்சரகணிதம் இயற்கணிதம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகிவிட்டது. விடை தெரிந்தும் பெயர் தெரியாமல் எழுந்து நின்ற வகுப்புகள் எத்தனையோ! 1978 இல் தமிழகம் எழுத்தைச் சீர்திருத்தியிருந்தது. துதிக்கை போட்ட எமது பழைய ‘லை’, ‘னை’ ஆகியவற்றைப் பார்த்து, பாட்டி எழுதிக் கொடுத்ததா என்று கேட்ட ஆசிரியையும் உண்டு. கொப்பி நோட்டாகவும், கதிரை நாற்காலியாகவும், பாண் பிரெட்டாகவும் மாறச் சில கிழமைகள் போதும். நாட்காட்டி அப்படி இலகுவாக மாறவில்லை. எமது கல்வியாண்டு தையில் தொடங்கும், அவர்களது யூனில். எந்தப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டினாலும் சில மாதங்கள் நீரோடு போயின.

வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வாய்ப்பழக்கத்தில் வீட்டுக்கார அம்மாவை ‘மாமி’ என்றழைத்தோம். அது அங்கே ஐயர் வீட்டுப் பெண்ணைக் குறிக்கும் என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், அன்றிலிருந்து ‘அக்கா’. பரீட்சைக் காலத்தில் தம் முன்னறை விளக்கை எமக்காக அணைக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். வாடகையை மாதத்துக்கு மாதம் ஏற்றியவர்களும் இருந்தார்கள். அவர்களை யாரும் முன்கூட்டி ஆராயவில்லை, எம்மையும் ஆராயவில்லை. அப்படியிருந்தும் பெரும்பாலும் நன்றாகவே நடந்தது.

1984 இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் நிலை இறுகியது. கல்லூரி வாசல்கள் சில காலம் எம்மவர்க்கு மூடப்பட்டன. அவ்வேளையில் உயர்தரத்துக்கு ஒப்பான வகுப்பை முடித்திருந்த சகோதரிகளின் இழப்பு எந்த இடாப்பிலும் இல்லை. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சிறுமியர் அதே கடலைத் தாண்டி அரிச்சல்முனை மணலில் இறங்கினர். எமக்குப் பின் இருபதாண்டு கழித்தும் அதே ‘டி.சி. எங்கே?’ என்ற கேள்வி.

இன்று ஜேர்மனியிலும் கனடாவிலும் வளரும் எம் பிள்ளைகள் முறையான பத்திரங்களுடன் பரிமாற்ற மாணவராய்ப் போய்வருகிறார்கள். அதற்கு நற்சான்றிதழ் கிடைக்கிறது. விண்ணப்பங்களில் ஒரு வரியாகவும் சேர்கிறது. மகிழ்ச்சியே. அதேபோன்ற காலத்துக்கு அவர்களின் அம்மாமாருக்குக் கிடைத்தது இடைவிலகல் என்ற சொல் மட்டும்.

ஆகவே சங்கம் ஒரு தனிப் பதிவேடு திறக்கிறது. 1983 இற்குப் பின் இடையிலே வெளிநாட்டுப் பாடசாலையில் படித்த பழைய மாணவியர், தாம் படித்த பாடசாலையின் பெயர், ஊர், வகுப்பு, போன மாதம், வந்த மாதம், தங்கியிருந்த இடம் முகாமா வீடா என்ற விபரம் ஆகியவற்றை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். திரும்பி வராதவர்களும் எழுதலாம். பழைய சேர்விலக்கம் நினைவிருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். இல்லையெனில் வகுப்பாசிரியையின் பெயர் போதும், இடாப்பில் நாம் தேடிக்கொள்வோம்.