பக்கத்து அறையில் காணாமல் போன கணினி

ஒரே வீடு, ஒரே வயர்லெஸ் ரவுட்டர். இரண்டு கணினிகளிலும் இணையம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பக்கத்து அறைக் கணினியின் பெயர் மட்டும் நெட்வொர்க் பட்டியலில் வரவில்லை! வீடுகளில் வயர்லெஸ் பரவிய 2000-களில் இந்தப் புலம்பல் சர்வசாதாரணம். பழி ரவுட்டர் மேலோ சிக்னல் மேலோ விழும். பல நேரங்களில் காரணம் அதைவிடப் பழையது.

1983-ல் ஐ.பி.எம்.மின் பி.சி. நெட்வொர்க்குக்காக சைடெக் என்ற நிறுவனம் நெட்பயாஸ் என்பதை உருவாக்கியது. ஒரே அலுவலகத்தில் கேபிளால் இணைத்த கொஞ்சம் கணினிகள், அவ்வளவுதான் அதன் உலகம். முகவரிப் புத்தகம் எதுவும் கிடையாது. ஒரு கணினிக்கு இன்னொன்று வேண்டுமென்றால் எல்லோருக்கும் கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிடும், அந்தப் பெயர்க்காரர் பதில் கொடுப்பார். தெருமுனையில் நின்று ஆளைக் கூப்பிடுவது மாதிரிதான். அதே காலத்தில் ஐ.பி.எம்.மில் பேரி ஃபைகன்பாம் என்பவர், தூரத்தில் உள்ள கோப்பைத் திறக்க எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையை வடிவமைத்தார். விண்டோஸில் கோப்புப் பகிர்வு இன்றும் அதன் வாரிசுகளால்தான் நடக்கிறது.

பட்டியல் பிறகு வந்தது. 1992-ல் வந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' காலத்து ஏற்பாடு சுவாரசியமானது. கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒன்றைத் தலைவராக்கும் (நிஜமாகவே அதற்குப் பெயர் தேர்தல்தான்!). மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் வராவிட்டால்தான் தலைவர் பெயரை அடிப்பார். அதாவது திடீரென்று நின்றுபோன கணினி 36 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கும். இப்போதுதான் போட்ட கணினியோ வரத் தாமதிக்கும். பலரும் பட்டியலைச் சாட்சியாக நம்பி மணிக்கணக்கில் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது வெறும் கேள்விப்பட்ட செய்திதான்.

இந்த நெறிமுறையின் முழு விவரம் வெளியாட்களுக்குக் கிடைக்கவில்லை. 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைக் கவனித்தே யூனிக்ஸுக்கு ஒரு சர்வர் எழுதத் தொடங்கினார். மொழி தெரியாத ஊரின் ஹோட்டலில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று பார்த்துக் கற்பது போன்றது அந்த முறை. வைத்த பெயரில் வணிகச் சிக்கல் வர, எஸ், எம், பி மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடினார். சாம்பா கிடைத்தது! ஐரோப்பிய வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்ற பிறகு, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்துக்கு அதிகாரபூர்வ ஆவணங்கள் சாம்பா குழுவுக்குக் கிடைத்தன. பார்த்துப் பார்த்து எழுதிய 16 வருடங்களுக்குப் பிறகு...

இதற்கிடையே வீட்டுக்குள் வேறு மாற்றம். 1999-ல் வந்த 802.11பி தரம் வயர்லெஸ்ஸை மலிவாக்கியது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு விண்டோஸ் கணினிகளை ஆட்டிவைத்தது. அடுத்த ஆகஸ்டில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது தீச்சுவர் தானாகவே இயங்கியது. வெளியே போகும் கோரிக்கைக்குத் தடையில்லை, அதனால் இணையம் ஓடும். உள்ளே வரும் கூப்பிடு குரலை, அனுமதி கொடுக்காதவரை, சுவர் விழுங்கிவிடும். ஆன்டிவைரஸோடு வரும் இன்னொரு சுவரும் இருந்தால் ஒன்றைத் திறந்தும் பயனில்லை. சில ரவுட்டர்களில் வயர்லெஸ் கணினிகளை ஒன்றையொன்று பார்க்க விடாத வசதியும் உண்டு. விருந்தினர் நெட்வொர்க்கில் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே சோதனையைப் பட்டியலில் தொடங்கவே கூடாது. முதலில் மற்ற கணினியின் ஐ.பி. எண்ணை முகவரிப் பெட்டியில் தட்ட வேண்டும். கோப்புறை திறந்தால் பகிர்வு சரி, பெயர் தேடுவதில்தான் கோளாறு. எண்ணுக்கும் அசைவில்லை என்றால் சுவரையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும். கடவுச்சொல் கேட்டு மறுத்தால் மகிழ்ச்சி: பாதை திறந்திருக்கிறது, கணக்கில்தான் சிக்கல்.

2017 மே மாதம் வானாக்ரை, பழைய எஸ்.எம்.பி. 1-ல் இருந்த ஓட்டை வழியே பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்த அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1-ஐ மைக்ரோசாஃப்ட் கழற்றத் தொடங்கியது. அதோடு பழைய தேர்தலும் பட்டியலும் போயின. வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் மறுபடி 'காணாமல்' போக, எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பப் போடு என்ற யோசனை எங்கும் பரவியது. வெறும் பட்டியலுக்காக வானாக்ரை வந்த கதவைத் திறப்பது!

புதிய விண்டோஸ் வேறொரு முறையில் பட்டியல் தயாரிக்கிறது. சாம்பா தானாக அந்த முறையில் பேசாது, அதற்குத் தனி நிரல் வேண்டும். அதனால் லினக்ஸ் கணினி ஒன்று பட்டியலில் இல்லாமலேயே இருக்கலாம். இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அதன் எண்ணைத் தட்டினால் திறந்துகொள்ளும்.