சந்தாதாரருக்கு உரியது யாது? யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சஞ்சிகைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளின் வரலாற்றை எழுதியோர் அவற்றின் ஆசிரியர்களைப் பற்றியும் அவற்றில் வெளிவந்த ஆக்கங்களைப் பற்றியும் விரிவாகவே கூறியுள்ளனர். அவற்றுக்கு முற்பணம் செலுத்திய வாசகரைப் பற்றி அத்துணை விரிவாகப் பேசப்பட்டதில்லை. சஞ்சிகையைக் கருத்துகளின் கொள்கலமாக மட்டும் நோக்குவதனால் ஏற்படும் குறை இது. சஞ்சிகை ஓர் உற்பத்திப் பொருளுமாகும். தாள், மை, அச்சுக்கூலி, அஞ்சற் செலவு ஆகியவற்றின்றி எக்கருத்தும் வாசகரைச் சென்றடைவதில்லை.

சந்தாதாரர் சாதாரணமாகப் பொருள் வாங்குபவரினின்றும் வேறுபட்டவர். கடையில் இதழை வாங்குபவர் தம் கையிலுள்ள பொருளுக்கு விலை கொடுக்கிறார். சந்தாதாரரோ இன்னும் எழுதப்படாத, அச்சேறாத இதழ்களுக்கு விலை கொடுக்கிறார். ஒருவகையில் அவர் வெளியீட்டாளருக்கு வட்டியில்லாக் கடன் வழங்குபவராவர். அக்கடனுக்கு ஈடாக, இதழுக்கு மேலாக அவருக்கு அளிக்கப்பட வேண்டியது யாது? சிறப்பு மலரா, இணைப்பா, விலைக்கழிவா, பரிசா? வணிகத் தந்திரம் பற்றிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயின், ஒரு சஞ்சிகை தன் வாசகரை எத்தகைய மனிதராகக் கருதுகின்றது என்பது இவ்வினாவுக்கு அது அளிக்கும் விடையிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

சந்தா முறையின் முன்னோடியாகக் கொள்ளத்தக்கது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூற்பதிப்புத் துறையில் நிலவிய ‘கையொப்பம்’ வாங்கும் வழக்கமாகும். நூல் அச்சாகு முன்னரே அதனைப் பெற்றுக்கொள்ள இசைந்து ஒப்பமிடுவோரின் துணைகொண்டு பதிப்பாசிரியர் அச்சுச் செலவைச் சமாளிக்க முயன்றனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது இம்முறையைக் கையாண்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்த காலத்தில், சுவடிகள் அழிந்துபோவதையும் பதிப்புப் பணிக்குப் பொருள் முட்டுப்படுவதையும் தம் பதிப்புரைகளில் மனமுருக எடுத்துரைத்தார்.

இவ்வாறு உதவியோர் நூற்பிரதிக்கு மேலாகப் பெற்றது பெரும்பாலும் புகழே. பொருளுதவி செய்தோரின் பெயர்கள், பட்டங்களுடனும் பதவிகளுடனும், முகவுரைகளில் நன்றியோடு பொறிக்கப்பட்டன. புலவரைப் புரந்த வள்ளலின் பெயர் பாட்டில் நிலைபெற்ற நிலமானிய மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாடு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. புரவலர் ஒருவர், கையொப்பமிட்டோர் பலர். வள்ளல் – புலவர் உறவு தளர்ந்து, விற்போர் – வாங்குவோர் உறவு முழுமை பெறாதிருந்த இடைக்காலத்தின் இயல்பை இவ்வழக்கம் காட்டுகின்றது.

2

பத்திரிகைத் துறையில் இவ்வினா உடனடியாக எழவில்லை. 1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் தேதி அமெரிக்க மிசனின் சார்பில் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இப்பத்திரிகைக்கு மிசனின் அச்சகமும், வட்டுக்கோட்டைச் செமினரி உருவாக்கிய கற்றோர் குழாமும் பின்புலமாக அமைந்தன. கத்தோலிக்கரின் ‘சத்தியவேத பாதுகாவலன்’ 1876இலும், சைவ பரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’ 1889இலும் தோன்றின.

இவற்றின் வாசகரும் சந்தா செலுத்தினர். ஆனால் இப்பத்திரிகைகளின் உயிர் சந்தாவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பின்னணியில் ஒரு நிறுவனம் இருந்தது. நிறுவனம் தாங்கும் பத்திரிகைக்கு வாசகரைக் கவர மேலதிகமாக எதனையும் வழங்கவேண்டிய நெருக்கடி குறைவு. தம் சமயத்தின் குரலைத் தம் வீட்டிலே கேட்கும் நிறைவே வாசகர் பெற்ற மேலதிகமாகும். நிறுவனத்தின் ஆதரவு பத்திரிகைக்கு நீண்ட ஆயுளை அளித்தது; அதேவேளை, பேசத்தக்கது எது, தகாதது எது என்னும் எல்லையையும் அதுவே வகுத்தது.

3

இவ்வினாவைத் தெளிவாக எதிர்கொண்ட முதற் பெரும் முயற்சிகளுள் ஒன்றாக ‘ஈழகேசரி’யைக் குறிப்பிடலாம். நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்திலிருந்து வெளியிடத் தொடங்கிய இவ்வார இதழ் 1958வரை நிலைத்தது. திருமகள் அச்சகத்தின் உரிமையாளராகவும் நூல் வெளியீட்டாளராகவும் அவர் விளங்கினார். சி. கணேசையரின் குறிப்புகளோடு கூடிய தொல்காப்பியப் பதிப்பு அவருடைய முயற்சியால் 1937 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தமை பலரும் அறிந்ததே.

வாரச் செய்திகளோடு ஈழகேசரி நின்றுவிடவில்லை. ஆண்டு மடல்களை வெளியிட்டது. மாணவரை நோக்கிக் ‘கல்வி அனுபந்தம்’ என்ற பகுதியை வழங்கியது. இவ்விரண்டின் சமூக அடிப்படையைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஆண்டு மடல் பாதுகாத்து வைக்கத்தக்க ஒரு பொருள். ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வர்த்தகர் ஆகியோரைக் கொண்ட யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் வீட்டு அலுமாரியில் அது இடம்பெற்றது. கல்வி அனுபந்தமோ அவ்வர்க்கத்தின் மையமான வேட்கைக்கு, அதாவது பிள்ளைகளின் கல்விக்கு, விடையளித்தது. மண்வளம் குன்றிய குடாநாட்டில் உத்தியோகமே உயர்வுக்கு வழியாக இருந்த நிலையில், தகப்பன் செலுத்தும் சந்தாவின் பயன் பிள்ளையைச் சென்றடைந்தது.

ஆயின் அனுபந்தத்தின் விளைவு வெளியீட்டாளரின் கணக்கையும் கடந்து சென்றது. மாணவராக அதில் எழுதிப் பழகியோரிற் சிலர் பின்னர் எழுத்தாளராயினர். 1943இல் தமிழிலக்கிய மறுமலர்ச்சிச் சங்கம் தோன்றுவதற்கும், 1946 முதல் 1948வரை ‘மறுமலர்ச்சி’ வெளிவருவதற்கும் காரணராயிருந்த இளைஞர்கள் ஈழகேசரிச் சூழலின் பயனைப் பெற்றவர்கள். வாசகருக்கு வழங்கத்தக்க மேலதிகங்களுள் தலையாயது அவரை எழுதுபவராக்கும் வாய்ப்பே என்பதற்கு இது முதற் சான்றாகும்.

4

குடாநாட்டின் வாசிப்பு முறையில் இன்னொரு கூறும் கருத்திற் கொள்ளத்தக்கது. அது வாசிகசாலை. கிராமந்தோறும் தோன்றிய வாசிகசாலைகளிலும், பின்னர் சனசமூக நிலையங்களிலும், ஒரு பிரதியைப் பலர் வாசித்தனர். எழுத்தறியாதார்க்கு எழுத்தறிந்தார் வாசித்துக் காட்டினர். எனவே சந்தா செலுத்துவோரும் வாசிப்போரும் யாழ்ப்பாணத்தில் ஒருபோதும் ஒரே தொகையினராக இருந்ததில்லை. சந்தாதாரருக்கு மட்டுமே உரியது எனப் பூட்டி வைக்கும் எப்பொருளும் இச்சூழலில் தன் கருத்தை இழந்துவிடுகின்றது. வாசிகசாலை மேசைமீது வைக்கப்பட்டதும் மலரும் இணைப்பும் ஊருக்குப் பொதுவாகிவிடும்.

எனினும் வாசிகசாலையை இலட்சியமயப்படுத்துதல் தவறு. சாதியமைப்பின் கட்டுகள் அதன் வாயிலிலும் இருந்தன. ஆலயத்துள்ளும் தேநீர்க்கடையுள்ளும் நுழைவதற்கே போராடவேண்டியிருந்த மக்களுக்கு ‘பொது’ என்னும் சொல் இயல்பாகத் தம்மையும் உள்ளடக்கியதாக இருக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. ஆகவே பொதுவில் வைத்தல் என்பது மட்டும் போதாது; யாருடைய பொது என்ற வினாவும் உடனெழுகின்றது.

5

யாழ்ப்பாணத்து வாசகர் உள்ளூர் ஏடுகளை மட்டும் வாசித்தவரல்லர். தமிழகச் சஞ்சிகைகளே நீண்ட காலம் இங்குள்ள சந்தையில் ஆதிக்கஞ் செலுத்தின. ஆதலின் அங்கு உருவான இரு மாதிரிகளை ஒப்புநோக்குதல் பயன்தரும்.

முதலாவது ‘ஆனந்த விகட’னுடையது. 1930களில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளும் தீபாவளி மலர்களும் அதன் விற்பனையைப் பெருக்கின. இங்கு மேலதிகம் என்பது ஆசையைத் தூண்டும் தூண்டில். பரிசை நாடி இதழை வாங்குபவர் பரிசு நின்றதும் வேறிடம் செல்லக்கூடியவர். இரண்டாவது, 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’. கடைவிற்பனையை நாடாது, சந்தாதாரரையே நம்பி, பிரதிகளின் தொகைக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டு அது புறப்பட்டது. இங்கு மேலதிகம் என்பது தெரிந்தெடுத்த சிலருள் தாமும் ஒருவர் என்னும் உணர்வு. வணிகக் கவர்ச்சியை மறுத்த அதன் நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் சிறுதொகையைச் சிறப்பாகக் கருதும் மனப்பாங்கு, பெருந்தொகையான மக்களை வாசிப்பின் எல்லைக்கு வெளியே நிறுத்தும் அபாயத்தை உட்கொண்டது.

இவ்விரண்டுக்கும் வேறான ஒரு வழியை ‘மல்லிகை’ காட்டியது. டொமினிக் ஜீவா 1966 ஆகத்தில் இதனைத் தொடங்கினார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனே அதன் முதல் இருப்பிடம். ஒடுக்கப்பட்ட சமூகமொன்றில் பிறந்த தொழிலாளி, தம் தொழில் நிலையத்தையே இலக்கிய ஏட்டின் முகவரியாக்கியமை யாழ்ப்பாணச் சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். கையிலே இதழ்களைச் சுமந்து வாசகரை நேரிற் கண்டு அவர் விற்றார். சந்தாதாரருக்கு ஆசிரியர் முகந்தெரிந்த மனிதராயிருந்தார்.

மல்லிகை வாசகருக்கு வழங்கிய மேலதிகங்கள் மூன்று. அட்டையில் எழுத்தாளர், கலைஞர் முதலியோரின் உருவங்களை அது பொறித்தது. வணிக ஏடுகள் நடிகையரை வைத்த இடத்தில் உள்ளூர்ப் படைப்பாளி வைக்கப்பட்டார். ‘தூண்டில்’ பகுதியில் வாசகரின் வினாக்களுக்கு ஆசிரியர் நேரடியாக விடையளித்தார். மூன்றாவதாக, திக்குவல்லை, நீர்கொழும்பு முதலிய இடங்களுக்கெனச் சிறப்பிதழ்கள் வெளியிடப்பட்டன. தெற்கிலும் மேற்கிலுமுள்ள வாசகர்கள் தம் ஊரின் சிறப்பிதழில் தாமே எழுதினர். ஈழகேசரியின் அனுபந்தத்தில் தற்செயலாக நிகழ்ந்தது இங்குத் திட்டமிட்ட செயலாயிற்று. 1970 – 1977 ஆட்சிக்காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை இத்தகைய முயற்சிகளுக்கு ஓரளவு இடமளித்தது. ஆயின் 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்ட போதும் மல்லிகை நின்றுவிடவில்லை. 400க்கு மேற்பட்ட இதழ்களைக் கண்டு, இறுதிக் காலத்தில் கொழும்பிலிருந்து வெளிவந்து, 2012வரை அது நிலைத்தமைக்கு வாசகருடன் கொண்ட இவ்வுறவே முக்கிய காரணமெனலாம்.

6

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். தனிச்சலுகை எதுவுமின்றி முற்பணம் செலுத்துவோர் எத்தனை பேர்? மறுமலர்ச்சி மூன்றாண்டும் நிறைவு பெறவில்லை. 1975இல் தொடங்கிய ‘அலை’ 1990வரையுள்ள பதினைந்து ஆண்டுகளில் 35 இதழ்களையே வெளியிட முடிந்தது. ஆயுட் சந்தா கொடுத்தோரை விடக் குறைந்த ஆயுளையே பல சஞ்சிகைகள் பெற்றிருந்தன. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று.

இதற்கு விடைகாண முற்படுகையில், பொதுவாக மறைந்துகிடக்கும் ஒன்றை வெளிக்கொணர்தல் வேண்டும். அது உழைப்பு. சந்தாதாரருக்கு வாக்களிக்கப்படும் ஒவ்வொரு மேலதிகமும் யாரோ ஒருவரின் உழைப்பாகும். மலருக்கு ஆக்கம் திரட்டுதல், மெய்ப்புப் பார்த்தல், உறையிலிட்டு முகவரி எழுதி முத்திரை ஒட்டுதல் ஆகியன பெரு நிறுவனத்தில் கூலி உழைப்பு. சிறுசஞ்சிகையில் ஆசிரியரதும் அவர்தம் வீட்டாரதும் நண்பரதும் கூலியற்ற உழைப்பு. சந்தாத் தொகையிற் சேராத இவ்வுழைப்பே சஞ்சிகையைத் தாங்குகின்றது. அதனைக் கணக்கிலெடாது மலர், இணைப்பு, பரிசு என வாக்களித்துக்கொண்டே போகும் சஞ்சிகை, மேலதிகங்களை நிறைவேற்றும் முயற்சியில் இதழையே வெளியிட முடியாத நிலைக்குள்ளாகும். இதழ் ஒழுங்காக வருதலே சந்தாதாரருக்குரிய முதற்கடன். ஏனையவை அதன்பின் வருவன.

1912இல் ரஷ்யத் தொழிலாளரின் நாளேடாகிய ‘பிராவ்தா’வின் வரவுக் கணக்கை ஆராய்ந்த லெனின், திரண்ட பணத்தின் தொகையிலும் பார்க்க, பணந்திரட்டிய தொழிலாளர் குழுக்களின் எண்ணிக்கைக்கே முதன்மை அளித்தார். செல்வந்தரான சில அனுதாபிகள் தரும் பெருந்தொகையைவிடப் பல குழுக்கள் சேர்த்துத் தரும் சிறுதொகை பெறுமதிமிக்கது என்பது அவர் கருத்து. நம் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் தொழிற்சங்கங்களும் பாடசாலை மன்றங்களும் அத்தகைய குழுக்களே. தனியாளுக்குச் சலுகை காட்டி ஒரு சந்தாவைப் பெறுவதிலும், குழுவொன்றைச் சந்தாதாரராக்குதல் சஞ்சிகையின் பொருளியலுக்கும் அதன் கொள்கைக்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.

7

1981 யூன் முதலாந் தேதியை அண்டிய இரவுகளில் யாழ்ப்பாணப் பொதுநூலகமும் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டன. நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பள்ளிக் கொப்பித் தாளிலும் பத்திரிகைகள் அச்சாகின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளும் கைவிடப்பட்டன. இவற்றுக்குத் தப்பியவற்றுள் தனியார் கட்டிப் பேணிய சஞ்சிகைத் தொகுதிகள் முக்கியமானவை. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய இதழ்கள் பலவற்றை இன்று யாவரும் விலையின்றி வாசிக்க வைத்துள்ளது. சந்தாதாரர் தம்மையறியாமலே தம் மக்களின் ஆவணக் காப்பாளராயினர்.

இவ்வரலாற்றுப் பின்னணியில், அச்சுத்தாளைத் துறந்து மின்வழி வெளிவரும் இன்றைய ஏடுகள் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் எதைத் திறப்பது, ஏனையோருக்கு எதைப் பூட்டுவது என ஆலோசிப்பது கவனமாக நோக்கத்தக்கது. தாளுக்கு இயல்பாயிருந்த கைம்மாறும் குணம் மின்வடிவத்தில் பூட்டினால் தடுக்கப்படக்கூடியது. வாசிகசாலை மேசை தானாகவே செய்த பணியை இன்று வெளியீட்டாளர் அறிந்து செய்தல் வேண்டும். பழைய இதழ்களைப் பூட்டுதல் எவ்வகையிலும் ஏற்புடையதன்று. எரிந்த நூலகத்தின் நினைவையுடைய சமூகம் தன் நினைவைத் தானே பூட்டிவைத்தல் முரணாகும்.

முடிவாக நோக்குமிடத்து, சந்தாதாரருக்கு உரியவை மூன்று எனலாம்: ஒழுங்காக வரும் இதழ், தம் வினாவுக்கு விடை, தாமும் எழுதுவதற்கு இடம். இவை மூன்றும் அவருக்கு அளிக்கப்படுவதனால் சந்தா செலுத்த இயலாதவர் எதனையும் இழப்பதில்லை. மாறாக, அவருக்கு வாசிக்கக் கிடைக்கும் இதழ் வளம் பெறுகின்றது. ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றொருவரிடமிருந்து மறைக்கவேண்டிய மேலதிகம் வாசகரை நுகர்வோராக்குகின்றது. கொடுக்கக் கொடுக்க யாவருக்கும் பெருகும் மேலதிகமே அவரை இலக்கிய இயக்கத்தின் பங்காளியாக்குகின்றது.