நெய்தலின் கருப்பொருள்

புதுக்கோட்டைக்குக் கடல் வந்தது 1974இல். தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியான பிறகும் கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர்ந்தது. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று பாக் நீரிணையை ஒட்டிய ஊர்கள் எங்கள் மாவட்டத்து ஊர்களாயின. அதே ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. கடல் எங்கள் வரைபடத்துக்குள் வந்த ஆறு மாதத்துக்குள் அந்தக் கடலின் நடுவே ஒரு கோடு விழுந்துவிட்டது.

நான் பிறந்தது இதற்குப் பிறகு, புதுக்கோட்டை நகரில். ஆனாலும் என் மனத்திலிருந்த மாவட்டம் பழைய சமஸ்தானம்தான். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம்: எல்லாம் கல், குன்று, கண்மாய். கடற்கரை என்றால் பேருந்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஊர்கள். தமிழ் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கிப் பல ஆண்டுகள் வரை அப்படியே இருந்தது. அதைக் கலைத்தவள் ஒரு மாணவி.

வட்டார வரலாறு பற்றிய வகுப்பு. மாவட்டத்தின் பெருமைக்குரியவர்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தேன். உள்நாட்டுப் பகுதிக்கு எழுதி முடித்துக் கடற்கரைப் பக்கத்துக்கு வந்தபோது, மணமேல்குடியின் குலச்சிறை நாயனார் என்றும், ஆவுடையார்கோயிலோடு சேர்ந்த மாணிக்கவாசகர் என்றும் எழுதினேன். கோட்டைப்பட்டினம் தர்காவைச் சொன்னேன். குதிரை இறங்கிய துறைகளைப் பற்றியும் பழைய வணிகர்களைப் பற்றியும் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்த, கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். “மேடம், எங்க கரையில பொம்பளைங்களே இல்லையா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்கும் பதில் வரவில்லை. அன்றிரவு என் குறிப்பேட்டைத் திறந்து, நான் எழுதிய அதே கதைகளை மறுபடி வாசித்தேன்.

குலச்சிறையார் நெடுமாற பாண்டியனின் அமைச்சர். பெரியபுராணம் சொல்லும் கதையில் அவர் தனியாக இல்லை. சமணம் தழுவியிருந்த அரசனைச் சைவத்துக்குத் திருப்பச் சம்பந்தரை மதுரைக்கு வரவழைத்ததில் அவரோடு சேர்ந்து முடிவெடுத்தவர் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியார், சோழர் குலத்துப் பெண். ஆலவாய்ப் பதிகமொன்றில் சம்பந்தர் இருவரையும் மாறிமாறிப் பாடுகிறார். அறுபத்து மூவரில் இடம்பெற்ற மூன்றே பெண்களில் அவர் ஒருவர். காரைக்காலம்மையாரும் சுந்தரரின் தாய் இசைஞானியாரும் மற்ற இருவர். அந்த அரசியலின் நன்மை தீமையை இங்கே எடைபோடவில்லை. அதை நடத்தியவர்களில் ஒருத்தி பெண் என்பதை, மணமேல்குடியைப் பற்றிப் பேசும்போது நான் ஒருமுறையும் சொன்னதில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

மாணிக்கவாசகர் கதை இன்னும் நெருக்கமானது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பணத்தோடு புறப்பட்ட அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பணத்தைக் கோயிலுக்குச் செலவழிக்கிறார். நரி பரியாகிறது, பரி மறுபடி நரியாகிறது, வைகை பெருகுகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. அப்போது கதைக்குள் வருகிறாள் வந்தி. பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. வீட்டில் ஆண் துணை இல்லை. ஆனாலும் அவள் பங்குக் கரையை அளந்து கொடுத்துவிட்டார்கள். கூலியாளாக வந்து மண் சுமந்து பிரம்படி பட்ட இறைவனைப் பற்றியே நாம் பேசுகிறோம். வீட்டில் ஆள் இல்லாத பெண்ணிடமும் ஓர் ஆளைக் கேட்ட அரசாணையைப் பற்றிப் பேசுவதில்லை. ஓர் அமைச்சர் கடற்கரைப் பக்கம் செலவழித்த பணத்துக்கு, மதுரையில் கூடையைத் தலையில் சுமந்து விற்கும் ஒருத்தி வரி கட்டினாள் என்றும் அந்தக் கதையை வாசிக்கலாம்.

அதே ஆவுடையார்கோயிலில் கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டுமே. அம்மன் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை. பலகணி வழியாகப் பார்த்தால் இரு பாதங்கள் தெரியும். அருவ வழிபாட்டின் உச்சம் என்று மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு போனபோது, சல்லடைக் கல் வழியே அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எங்கள் கரையின் பெண்கள் வரலாற்றில் தெரிவதும் இந்த அளவுதான் என்று தோன்றியது. நடந்திருக்கிறார்கள் என்பதற்குத் தடயம் உண்டு, முகம் இல்லை.

உள்நாட்டில் நிலைமை சற்றே வேறு. கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டு, பூதி விக்கிரமகேசரியின் தேவியர் கற்றளி, வரகுணை இருவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதே இருக்குவேளிர் குலத்தில் பிறந்து சோழ அரிஞ்சயனை மணந்த பூதி ஆதிச்சபிடாரி, திருச்செந்துறையில் கற்கோயில் எடுத்தார். குடுமியான்மலையில் அம்மன் சந்நிதி எழுப்பியவர் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார். பல நூற்றாண்டுகள் கழித்து, தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகள் முத்துலட்சுமி, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் மருத்துவரானார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் அந்தச் சட்டம் வந்தது. கொடை கொடுக்கும் அளவு சொத்து வைத்திருந்த தேவரடியாரும், அந்த முறை பெண்ணை நசுக்குவதைப் பார்த்து அதை உடைத்தவரும் ஒரே மாவட்டத்து வரலாற்றில் இருக்கிறார்கள்.

இவர்கள் பெயர் எப்படித் தங்கியது என்று கேட்டால் விடை எளிது. அரச குலம், கொடை கொடுக்கும் சொத்து, கல்லூரிப் படிப்பு. மூன்றில் ஒன்றாவது இருந்தது. பெயரைத் தாங்கக் கல்லோ காகிதமோ இருந்தது. கடற்கரைப் பெண்ணுக்கு மூன்றும் இல்லை. மணலில் யாரும் கல்வெட்டு வெட்டுவதில்லை.

அப்படியானால் இலக்கியம்? இங்கேதான் தமிழ் ஆசிரியையான நான் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டியிருக்கிறது. நெய்தல் திணையை இத்தனை ஆண்டுகளாக நடத்துகிறேன். நெய்தலின் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும். கடலுக்குப் போனவன் வரவில்லை, மாலை மயங்குகிறது, தலைவி கரையில் வருந்துகிறாள். தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அதுதான். அதே நெய்தல் பாடல்களில் பெண்கள் மீனைக் காயவைக்கிறார்கள், காயும் மீனைப் பறவைகளிடமிருந்து காக்கிறார்கள், மீனைக் கொடுத்து நெல் வாங்குகிறார்கள், தெருத்தெருவாக உப்பு விற்கிறார்கள். இதெல்லாம் கருப்பொருள். உணக்கல், விற்றல் என்று பட்டியலில் இரண்டு சொல்லாகக் கடந்துபோகும், ஒரு மதிப்பெண் கேள்வி. பெண்ணின் கண்ணீரை உரிப்பொருளாகவும் அவள் உழைப்பைப் பின்னணியாகவும் வாசிக்கும் பழக்கம் நமக்கு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

அந்த மாணவி என்னை ஊருக்கு அழைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை போன விசைப்படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்பது நெடுநாள் ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். படகு கரை தட்டியதும் பெண்கள் கூடையோடு சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு மணி நேரத்தில் நான் பார்த்தவை: ஏலத்தில் விலை கேட்பது, பங்கு போட்டுக் கூட்டாக எடுப்பது, நண்டை வலையிலிருந்து காலொடியாமல் பிரிப்பது, நல்ல மீன் எது, கருவாட்டுக்குப் போகவேண்டியது எது என்று கண்ணாலேயே தரம் பிரிப்பது. காரல் பொடியைக் கருவாட்டுக்கு ஒதுக்கினார்கள். ஏழு மணிக்கு ஒரு கூட்டம் அறந்தாங்கிப் பக்கம் கிளம்பிவிட்டது.

மாணவியின் அப்பாயி உப்புத்தொட்டி ஓரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஆம்பள கடல்ல எறங்குறது வாரத்துல மூணு நாளு, டீச்சரம்மா. நாங்க ஏழு நாளும் கரையில.” உப்பு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து என்றார். மழைக்காலத்தில் எது கெடும், எது நிற்கும், எந்தச் சந்தையில் எந்தக் கருவாடு போகும், எந்த வீட்டில் கடன் திரும்பும், எந்த வீட்டில் திரும்பாது. அறுபது ஆண்டு அறிவு. எங்கும் எழுதப்படாதது.

மாணவியின் அம்மா அதிகம் பேசவில்லை. அவர் கணவர் போன படகு நெடுந்தீவு அருகே ஒருமுறை பிடிபட்டது. ஆட்கள் சில வாரங்களில் திரும்பினார்கள், படகு திரும்பவில்லை. “படகு போயிருச்சு, கடன் போகல” என்று மட்டும் சொன்னார். அந்த வாரங்களில் ஊர்ப் பெண்கள் மனு கொடுக்கப் போனபோது எடுத்த படம் வீட்டில் இருந்தது. எல்லாரும் அழுகிறார்கள். இத்தகைய படங்களைச் செய்தித்தாளில் நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் அவர் செய்தது என்ன என்று கேட்டபோதுதான் சொன்னார். நகையை வைத்துப் பணம் புரட்டியது, குழுவில் கடன் கேட்டது, தண்டல்காரரிடம் தவணை வாங்கியது, மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தாமல் நண்டுக் கம்பெனி வேலைக்குத் தானே போனது. பத்திரிகைக்கு இரங்கல் கிடைத்தது. குடும்பம் கருப்பொருளில் ஓடியது.

அவர்கள் கொடுத்த மனுவின் நகலையும் பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு எதிரிலும் ‘க/பெ’. கணவன் பெயர் இல்லாமல் அவள் மனு நகராது. கணவன் கடலில் காணாமல் போய், உடலும் கிடைக்கவில்லை என்றால்? சட்டத்தின் பொது விதிப்படி, ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவரையே இறந்தவராக அனுமானிக்க முடியும். அதுவரை அவளுக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது, அதைக் கேட்கும் எந்த உதவியும் கிடையாது. வந்தியிடம் ஆள் கேட்ட அரசாணை நினைவுக்கு வந்தது.

அந்தக் கடலில் விழுந்த கோட்டுக்கு அந்தப் பக்கமும் தமிழ்ப் பெண்கள்தான் இருக்கிறார்கள். போர் முடிந்த வடக்கு இலங்கையில், ஆணில்லாமல் குடும்பத்தை நடத்தும் பெண்கள் ஏராளம். நம் இழுவைமடி அங்கே போய் அடியை வாரும்போது அறுபடும் வலைகள் அவர்கள் வீட்டுக் கடனில் வாங்கியவை. இதை ஜெகதாப்பட்டினத்தில் சொல்வது எளிதல்ல. ஆனால் அப்பாயிதான் முதலில் சொன்னார்: “அங்கயும் ஒருத்தி கூடைய வச்சுக்கிட்டு நிப்பாள்ல?” இரண்டு அரசுகளும் பேசும் மேசையில் படகு, எல்லை, கைது என்ற சொற்கள் உண்டு. கூடை என்ற சொல் இல்லை.

திரும்பி வந்ததும் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவிகளை உட்கார வைத்து ஐந்து கேள்விகள் எழுதினோம். உங்கள் வீட்டு மூத்த பெண்ணின் முழுப்பெயர் என்ன? முதலில் என்ன வேலை செய்தார், யாரிடம் கற்றார்? முதல் கூடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? எந்தெந்த ஊருக்கு நடந்தார்? அவர் கையெழுத்தோ கைரேகையோ உள்ள தாள் எதுவாவது வீட்டில் இருக்கிறதா? முதல் கேள்வியிலேயே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அப்பாயி என்றும் அம்மாச்சி என்றும் கூப்பிட்டே வளர்ந்தவர்களுக்குப் பெயர் தெரியவில்லை. ரேஷன் அட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் அம்மாச்சிக்கு அட்டையில் ஒரு பெயர், வாக்காளர் பட்டியலில் வேறொரு பெயர், பிறந்த வீட்டில் மூன்றாவது பெயர். மூன்றையும் எழுதச் சொன்னேன்.

இந்தக் கட்டுரையிலும் அந்த மாணவியின் பெயரோ அம்மாவின் பெயரோ இல்லை. மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது, பெயர் வேண்டாம் என்று அம்மா கேட்டுக்கொண்டார். பெயரில்லாமல் போவதற்குப் பயமும் ஒரு காரணம் என்பதை அப்போது கற்றேன். குறிப்பேட்டில் பெயர் இருக்கிறது.

இந்தப் பருவத்து அகத் தேர்வில் வினாத்தாளை நான்தான் தயாரித்தேன். நெய்தலின் கருப்பொருள் தரும் செய்திகளைக் கொண்டு கடற்கரைப் பெண்களின் தொழில்களை விளக்குக என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண் போட்டேன். இரங்கலுக்கு ஒன்று.